கணினியில் ரோபோ கட்டுப்பாட்டு மென்பொருளைப் புதுப்பிப்பது எப்படி: டாட்நெட் சிக்கலில் மாட்டாமல் செய்யும் வரிசை

விண்டோஸ் கணினியிலிருந்து ரோபோவை இயக்கும் மென்பொருட்களில் பல, மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டை, அதாவது மென்பொருட்கள் ஓடுவதற்கான அடித்தளத்தை, நம்பி எழுதப்பட்டவை. சர்வோ கை (சர்வோ என்பது சொன்ன நிலைக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்), நான்கு சக்கர வண்டி, ஆறு கால் பூச்சி என எதை இயக்கினாலும், மென்பொருளைப் புதுப்பித்த பிறகு வரும் புகார்கள் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. மென்பொருள் திறக்கவே இல்லை. திறந்தது, ஆனால் ப்ளகின்கள் எனப்படும் துணை நிரல்களைக் காணோம். எல்லாம் சரியாகத் தெரிந்தது, ஆனால் இணைத்தவுடன் கை சட்டென்று சுழன்று மேசையில் இடித்தது.

கல்லூரி ஆய்வகங்களில் பலருக்கு இதைச் செய்துகாட்டியிருக்கிறேன். இந்த மூன்று புகார்களுக்கும் பெரும்பாலும் காரணம் வரிசை மாறிப்போவதுதான். முதலில் இப்போதைய நிலையைப் பதிவு செய்ய வேண்டும். அடுத்து டாட்நெட், பிறகு மென்பொருள், பிறகு ப்ளகின்கள், பிறகு டிரைவரும் (ரோபோவின் போர்டோடு கணினி பேச உதவும் நிரல்) ஃபர்ம்வேரும் (அந்த போர்டுக்குள்ளேயே ஓடும் நிரல்). ரோபோ கடைசியில்தான் வர வேண்டும். புதியவர்கள் ரோபோவை இணைத்து வைத்துக்கொண்டே அப்டேட் பொத்தானை அழுத்துகிறார்கள். பிறகு எங்கே உடைந்தது என்று கண்டுபிடிக்க வழியே இருப்பதில்லை.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: கணினியின் அட்மின் கடவுச்சொல், ஒரு பென் டிரைவ், ஒரு தாள், பேனா, இப்போது ஓடும் பழைய பதிப்பின் இன்ஸ்டாலர் ஃபைல். கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால் வேலையைத் தொடங்கவே வேண்டாம். பல நிறுவனங்கள் தங்கள் தளத்தில் கடைசிப் பதிப்பை மட்டுமே வைத்திருக்கும். திரும்பிப் போக நினைக்கும்போது பழையது எங்கும் கிடைக்காது. மேசைக் கணினி என்றால் யுபிஎஸ் வழியாக இயக்குங்கள். டாட்நெட் நிறுவும் நடுவில் கரண்ட் போனால் விண்டோஸையே சரிசெய்ய வேண்டி வரலாம்.

1. ரோபோவின் மின்சாரத்தைக் கழற்றுங்கள்

பேட்டரியையோ அடாப்டரையோ கழற்றிவிட்டு, யுஎஸ்பி கேபிளையும் பிடுங்குங்கள். மென்பொருளில் டிஸ்கனெக்ட் அழுத்துவது போதாது.

காரணம் இரண்டு. சில மென்பொருட்கள் திறந்தவுடன் கடைசியாகப் பயன்படுத்திய போர்ட்டைத் தாமாகவே திறந்துவிடும். புதிய பதிப்பில் உங்கள் அளவுத்திருத்தம் அழிந்திருந்தால், அந்த முதல் நொடியிலேயே தவறான கட்டளை சர்வோவுக்குப் போகும். இரண்டாவது, யுஎஸ்பி டிரைவர் மாறும்போது போர்டு இணைந்திருந்தால் விண்டோஸ் பழைய டிரைவரையே பிடித்துக்கொண்டிருக்கும்.

2. ஓடும் நிலையைத் தாளில் எழுதுங்கள்

பழைய மென்பொருளைக் கடைசியாக ஒருமுறை திறந்து இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: மென்பொருளின் முழுப் பதிப்பு எண், காம் போர்ட் எண் (போர்டு இணையும் வழிக்கு விண்டோஸ் தரும் எண்), பாட் ரேட் (அதில் தரவு போகும் வேகம்), போர்டின் ஃபர்ம்வேர் பதிப்பு, ப்ளகின்களின் பெயரும் பதிப்பும். ஒவ்வொரு சர்வோவின் குறைந்தபட்ச, அதிகபட்ச, நடுநிலை மதிப்புகளையும் எழுதுங்கள். இதை மட்டும் சோம்பல் பார்க்காமல் செய்யுங்கள். மற்ற எல்லாவற்றையும் மறுபடி இன்ஸ்டால் செய்துவிடலாம். சர்வோ எல்லைகளைத் திரும்பக் கண்டுபிடிக்க ஒவ்வொரு மூட்டையும் மெதுவாக நகர்த்திப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ப்ராஜெக்ட் ஃபைல்களைப் பென் டிரைவுக்கு நகலெடுங்கள். புதிய பதிப்பில் திறந்து சேமித்த ஃபைல் பழைய பதிப்பில் திறக்காமல் போகலாம். அதனால் நகல் கணினிக்கு வெளியே இருக்கட்டும்.

பலர் தவறவிடும் இன்னொரு இடம் உண்டு. டாட்நெட் மென்பொருட்கள் பல, தங்கள் அமைப்புகளை யூசர் டாட் கான்ஃபிக் என்ற ஃபைலில் வைக்கின்றன. அது பயனர் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், அதற்குள் நிறுவனத்தின் பெயர் என்று போகும். அந்தப் பாதையின் கடைசி ஃபோல்டரின் பெயரே மென்பொருளின் பதிப்பு எண்தான். பதிப்பு எண் மாறினால் புதிய ஃபோல்டர் உருவாகும். பழைய அமைப்பை எடுத்து வரும்படி மென்பொருள் எழுதப்படாவிட்டால் எல்லாம் ஆரம்ப மதிப்புக்குப் போய்விடும். ‘அப்டேட் செய்ததும் செட்டிங்ஸ் அழிந்துவிட்டது’ என்று பலர் சொல்வது இதைத்தான். உண்மையில் அழியவில்லை, பக்கத்து ஃபோல்டரில் அப்படியே இருக்கிறது. அந்த நிறுவனப் பெயர் ஃபோல்டரையும் முழுதாக நகலெடுத்து வையுங்கள்.

முடிந்தால் விண்டோஸில் ஒரு ரீஸ்டோர் பாயின்ட்டும் உருவாக்குங்கள். அது ப்ராஜெக்ட் ஃபைல்களைக் காப்பாற்றாது. டிரைவர், ரெஜிஸ்ட்ரி ஆகியவற்றுக்கு மட்டும் உதவும்.

3. புதிய பதிப்பு எந்த டாட்நெட்டைக் கேட்கிறது என்று பாருங்கள்

டாட்நெட் என்ற பெயரில் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. குழப்பம் முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது டாட்நெட் ஃபிரேம்வொர்க். 3.5, 4.6, 4.7.2, 4.8, 4.8.1 எல்லாம் இதில் வரும். இது விண்டோஸுக்கு மட்டுமானது, விண்டோஸின் ஒரு பகுதியாகவே வருவது. 4.8 பதிப்பு 2019இலும், 4.8.1 பதிப்பு 2022இலும் வெளியாயின. இந்தக் குடும்பத்தில் அதற்கு மேல் பெரிய பதிப்பு வரவில்லை.

இரண்டாவது, கோர் என்ற பெயரில் தொடங்கி, 2020இல் 5ஆம் பதிப்பிலிருந்து வெறும் டாட்நெட் என்று அழைக்கப்படுவது. 6, 8, 9, 10 எல்லாம் இதில் அடங்கும். 8 என்பது 4.8ஐ விடப் பெரிய எண் என்பதால் 8ஐப் போட்டால் 4.8 கேட்கும் மென்பொருள் ஓடும் என்று நினைப்பவர்கள் அதிகம். ஓடாது. இரண்டும் வேறு வேறு. ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது.

புதிய பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பில் எது தேவை என்று இருக்கும். இல்லாவிட்டால் மென்பொருளின் ஃபோல்டரைத் திறந்து நீங்களே பார்த்துவிடலாம். முதன்மை எக்ஸ்இ ஃபைலின் பெயரோடு ‘ரன்டைம்கான்ஃபிக்’ என்று முடியும் ஜேசன் ஃபைல் பக்கத்தில் இருந்தால் அது இரண்டாம் குடும்பம். நோட்பேடில் திறந்தால் ஃபிரேம்வொர்க்கின் பெயரும் பதிப்பும் தெரியும். அதற்குப் பதிலாக ‘எக்ஸ்இ டாட் கான்ஃபிக்’ என்று முடியும் ஃபைல் மட்டும் இருந்தால் பெரும்பாலும் முதல் குடும்பம். அதில் சப்போர்ட்டட் ரன்டைம் என்ற வரியில் 4.7.2, 4.8 என்று எழுதியிருக்கும்.

ஜேசன் ஃபைலில் ‘இன்க்ளூடட் ஃபிரேம்வொர்க்ஸ்’ என்று இருந்தால் மென்பொருள் தனக்கு வேண்டிய டாட்நெட்டைத் தன்னுடனேயே கொண்டுவருகிறது என்று பொருள். நீங்கள் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. அடுத்த இரண்டு படிகளைத் தாண்டி 6க்குப் போகலாம்.

விண்டோஸ் பதிப்பையும் இப்போதே பாருங்கள். விண்டோஸ் 7இல் எஸ்பி1 (சர்வீஸ் பேக் 1) இருந்தால் 4.8 வரை போகலாம், 4.8.1 கிடையாது. ஆய்வக மூலையில் இருக்கும் பழைய விண்டோஸ் 7 கணினியில் புதிய பதிப்பு ஓடாது என்றால், அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய நேரம் இதுதான்.

4. கணினியில் இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள்

முதல் குடும்பத்துக்கு: ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, லோக்கல் மெஷின் கிளையில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், நெட் ஃபிரேம்வொர்க் செட்டப், என்டிபி, வி4, ஃபுல் என்று வரிசையாக இறங்குங்கள். அங்கே ரிலீஸ் என்ற மதிப்பு இருக்கும். அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணைப் படியுங்கள். 461808 அல்லது அதற்கு மேல் இருந்தால் 4.7.2 இருக்கிறது. 528040 அல்லது அதற்கு மேல் என்றால் 4.8. 533320 அல்லது அதற்கு மேல் என்றால் 4.8.1. எதையும் மாற்றாதீர்கள், படித்துவிட்டு மூடிவிடுங்கள்.

கன்ட்ரோல் பேனலின் ப்ரோகிராம் பட்டியலில் தேடி ‘இல்லை’ என்று முடிவு செய்யாதீர்கள். விண்டோஸ் 11இல் 4.8 அல்லது 4.8.1 விண்டோஸுடனேயே வருகிறது, அந்தப் பட்டியலில் தெரியாது. அங்கே போய் 4.8 இன்ஸ்டாலரை ஓட்டினால் ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று சொல்லி நின்றுவிடும். அது பிழை அல்ல.

இரண்டாம் குடும்பத்துக்கு: கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து டாட்நெட் கட்டளையை ‘லிஸ்ட் ரன்டைம்ஸ்’ என்ற தெரிவுடன் ஓட்டுங்கள். என்னென்ன ரன்டைம்கள் (மென்பொருளை ஓட்டும் டாட்நெட் பகுதிகள்), எந்த ஃபோல்டரில் என்று பட்டியல் வரும். அதில் விண்டோஸ் டெஸ்க்டாப் ஆப் என்று முடியும் வரிகள்தான் நமக்கு வேண்டியவை.

இந்தப் பட்டியலில் ஒரு பொறி இருக்கிறது. 64 பிட் டாட்நெட் இருக்கும் கணினியில், அந்தக் கட்டளை வழக்கமாக 64 பிட் ரன்டைம்களை மட்டுமே காட்டும். 32 பிட் ரன்டைம்கள் சி டிரைவில் எக்ஸ்86 என்று முடியும் ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள், டாட்நெட் என்ற தனி ஃபோல்டரில் இருக்கும். அங்கே போய்க் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

5. டாட்நெட்டை நிறுவுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் போகும். நிதானமாகச் செய்யுங்கள்.

4.x வரிசை: புதியது பழையதன் மேல் அமர்ந்துகொள்ளும். 4.8ஐ நிறுவினால் 4.6 தனியாக இருக்காது, 4.6க்கு எழுதிய மென்பொருட்களும் 4.8 மேல்தான் ஓடும். பெரும்பாலும் சிக்கல் வராது. அதனால் ஒவ்வொரு 4.x பதிப்பையும் தேடித்தேடி நிறுவ வேண்டியதில்லை. உங்கள் விண்டோஸ் ஏற்கும் கடைசிப் பதிப்பு ஒன்றே போதும்.

3.5: இது மேலே சொன்ன வரிசையில் சேராது. 2.0, 3.0, 3.5க்கு எழுதிய பழைய சர்வோ கட்டுப்பாட்டுக் கருவிகள் சில 4.8 இருந்தாலும் 3.5ஐக் கேட்கும். இதை விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் டிக் செய்து இயக்க வேண்டும். இணையம் இல்லாத ஆய்வகக் கணினியில் இது தோற்றுப்போகும். விண்டோஸ் நிறுவல் பென் டிரைவில் சோர்சஸ் ஃபோல்டருக்குள் எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டர் இருக்கிறது. அங்கிருந்து எடுக்கச் சொல்லி, விண்டோஸ் வசதிகளைச் சேர்க்கும் டிஸ்ம் கட்டளையைக் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் கொடுங்கள். அந்தப் பென் டிரைவில் இருப்பதும் கணினியில் ஓடுவதும் ஒரே விண்டோஸ் பதிப்பாக இருக்க வேண்டும்.

6, 8 போன்றவை: இவை ஒன்றையொன்று அழிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 6க்கு எழுதிய மென்பொருள், 8 மட்டும் இருந்தால் தானாக அதற்குத் தாவாது. எழுதியவர் அனுமதித்திருந்தால்தான் தாவும். 6க்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2024 நவம்பரில் முடிந்துவிட்டது. ஆனாலும் உங்கள் மென்பொருள் 6ஐக் கேட்டால் 6தான் வேண்டும். பழையது ஆபத்து என்று நினைத்து 6ஐ நீக்கிவிட்டு 8ஐ மட்டும் வைத்தால் மென்பொருள் திறக்காது.

பதிவிறக்கப் பக்கத்தில் மூன்று பெயர்கள் இருக்கும்: ரன்டைம், டெஸ்க்டாப் ரன்டைம், ஏஎஸ்பி டாட்நெட் கோர் ரன்டைம். பொத்தானும் சன்னலும் உள்ள மென்பொருளுக்கு டெஸ்க்டாப் ரன்டைம்தான் தேவை. வெறும் ரன்டைம் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. கேமராக் காட்சியை பிரவுசருக்கு அனுப்பும் உள்ளமை வெப் சர்வர் உள்ள மென்பொருட்களுக்கு மூன்றாவதும் தேவைப்படலாம். ஜேசன் ஃபைலில் அதன் பெயரும் இருந்தால் நிறுவுங்கள்.

அடுத்தது 32 பிட்டா, 64 பிட்டா என்பது. இதைத் தீர்மானிப்பது உங்கள் விண்டோஸ் அல்ல, மென்பொருள். ஓர் ஆய்வகத்தில் மாணவர்கள் டெஸ்க்டாப் ரன்டைமை எடுத்து மறுபடி மறுபடி நிறுவிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் ‘வெற்றி’ என்றே வந்தது. மென்பொருளோ ‘டாட்நெட் இல்லை’ என்ற அதே சன்னலைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சன்னலில் ஆர்க்கிடெக்சர் என்ற ஒரு வரி இருந்தது. அதில் எக்ஸ்86, அதாவது 32 பிட், என்று எழுதியிருந்தது. அவர்கள் நிறுவியது எக்ஸ்64. பழைய 32 பிட் டிஎல்எல் (மென்பொருள் ஏற்றிக்கொள்ளும் துணை ஃபைல்) ஒன்றைச் சார்ந்திருப்பதால் இன்னும் 32 பிட்டிலேயே இருக்கும் ரோபோ மென்பொருட்கள் உண்டு. எக்ஸ்86 ரன்டைமை நிறுவியதும் திறந்துகொண்டது.

பழைய பதிப்பு ஓடிக்கொண்டிருந்தபோதே இதைத் தெரிந்துகொள்ளலாம். டாஸ்க் மேனேஜரில் டீட்டெயில்ஸ் பக்கம் போய், தலைப்பில் ரைட் கிளிக் செய்து பிளாட்ஃபார்ம் என்ற நெடுவரிசையைச் சேர்த்தால் 32 அல்லது 64 என்று காட்டும். ஆனால் புதிய பதிப்பில் அது மாறியிருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். சந்தேகம் என்றால் இரண்டையும் நிறுவிவிடுங்கள். இரண்டும் ஒரே கணினியில் இருப்பதில் எந்தக் கெடுதலும் இல்லை.

இணையம் சரியில்லாத இடம் என்றால் ஆஃப்லைன் இன்ஸ்டாலர்களை வேறு கணினியில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவாருங்கள். புதிதாக நிறுவிய விண்டோஸ் 7இல் 4.8 ஆஃப்லைன் இன்ஸ்டாலர் சான்றிதழ் நம்பிக்கை பற்றிய பிழையோடு நிற்கும். 2011ஆம் ஆண்டின் மைக்ரோசாஃப்ட் ரூட் சான்றிதழ் அந்தக் கணினியில் இல்லாததுதான் காரணம். அதைச் சேர்த்த பிறகு மறுபடி ஓட்டுங்கள்.

நிறுவியதும் கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ‘பிறகு’ என்ற பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த படிக்குப் போகாதீர்கள். பாதி மாறிய ஃபைல்களோடு மென்பொருளை நிறுவினால் வரும் பிழைச் செய்திகளுக்கும் உண்மையான காரணத்துக்கும் தொடர்பே இருக்காது.

6. மென்பொருளை நிறுவுங்கள்

ஜிப் ஃபைலாக வரும் மென்பொருள் என்றால், பிரிப்பதற்கு முன் அந்த ஜிப்பை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ் போங்கள். கீழே அன்பிளாக் என்ற கட்டம் இருந்தால் டிக் செய்து ஓகே கொடுங்கள். இணையத்திலிருந்து வந்த ஃபைல் என்று விண்டோஸ் ஒரு குறி போட்டு வைக்கிறது. பிரிக்கும்போது உள்ளே இருக்கும் ஒவ்வொரு டிஎல்எல்லுக்கும் அந்தக் குறி ஒட்டிக்கொள்ளும். டாட்நெட் ஃபிரேம்வொர்க் மென்பொருட்கள் அப்படிப்பட்ட டிஎல்எல்லை ஏற்ற மறுக்கும். பிழைச் செய்தியில் 80131515 என்ற எண்ணைப் பார்த்தால் காரணம் இதுதான். பிரித்த பிறகு ஒவ்வொன்றாக அன்பிளாக் செய்வதைவிட, ஃபோல்டரை அழித்துவிட்டு ஜிப்பை அன்பிளாக் செய்து மறுபடி பிரிப்பது எளிது.

வாய்ப்பு இருந்தால் பழைய ஃபோல்டரின் மேலேயே எழுதாமல், பதிப்பு எண்ணோடு புதிய ஃபோல்டரில் நிறுவுங்கள். மேலே எழுதினால் புதிய பதிப்பில் நீக்கப்பட்ட பழைய டிஎல்எல்கள் அங்கேயே தங்கிவிடும். அவற்றைப் புதிய மென்பொருள் தவறாக எடுத்துக்கொள்வது உண்டு.

விசி ரன்டைம் 140, எம்எஸ்விசிபி 140 என்ற டிஎல்எல் இல்லை என்று செய்தி வந்தால் அது டாட்நெட் சிக்கல் அல்ல. கேமராப் பார்வைக்கான ஓபன்சிவி போன்ற பகுதிகளுக்கு விஷுவல் சி ப்ளஸ் ப்ளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தேவை. இதிலும் 32, 64 வேறுபாடு உண்டு.

7. ரோபோ இல்லாமல் முதன்முறை திறந்து பாருங்கள்

யுஎஸ்பி இன்னும் வெளியேதான் இருக்க வேண்டும். மென்பொருளைத் திறந்து ஒரு வெற்று ப்ராஜெக்ட்டை உருவாக்கிப் பாருங்கள். திறந்தால் டாட்நெட் சரி என்று பொருள். இப்போதே உங்கள் பழைய ப்ராஜெக்ட்டைத் திறக்காதீர்கள். வெற்று ப்ராஜெக்ட் ஓடி, உங்களுடையது ஓடாவிட்டால் குற்றம் ப்ளகினிலோ ப்ராஜெக்ட்டிலோ இருக்கிறது என்று உடனே பிரித்துவிடலாம்.

ஒன்றுமே தோன்றாமல் மென்பொருள் மறைந்தால் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் கிளையில் அப்ளிகேஷன் பக்கம் பாருங்கள். டாட்நெட் ரன்டைம் என்ற மூலத்திலிருந்து 1026 என்ற எண்ணோடு ஒரு சிவப்பு வரி இருக்கும். அதன் முதல் சில வரிகளில் எந்த ஃபைல் ஏறவில்லை என்ற பெயர் வரும். உதவி கேட்கும்போது ‘ஓடவில்லை’ என்று எழுதாமல் அந்த வரிகளை அப்படியே எடுத்து ஒட்டுங்கள். பதில் சொல்பவருக்கு அதுதான் வேண்டும்.

திறக்கிறது, ஆனால் லாகின் ஆகவில்லை, அப்டேட் பட்டியல் வரவில்லை என்றால் டிஎல்எஸ் (இணையத் தொடர்பைக் காக்கும் பாதுகாப்பு முறை) பக்கம் சந்தேகப்படுங்கள். இன்றைய சர்வர்கள் பல டிஎல்எஸ் 1.2க்குக் கீழே பேசுவதில்லை. 4.5க்கு எழுதப்பட்ட பழைய மென்பொருட்கள் தாமாக 1.2ஐப் பயன்படுத்துவதில்லை. மென்பொருளின் புதிய பதிப்பை பிரவுசரில் இறக்கி நிறுவுவதே இதற்குச் சுலபமான வழி.

கேமரா வேலை செய்யாவிட்டால் பிரைவசி அமைப்புகளில் டெஸ்க்டாப் ஆப்களுக்குக் கேமரா அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். மீடியா வசதிகள் இல்லாமல் வரும் விண்டோஸின் ‘N’ பதிப்பு என்றால் மீடியா ஃபீச்சர் பேக்கைத் தனியாக நிறுவ வேண்டும்.

8. ப்ளகின்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள்

பழைய ப்ளகின் ஃபோல்டரை முழுதாக எடுத்துப் புதியதில் கொட்டாதீர்கள். ஒன்றைச் சேருங்கள், மென்பொருளை மூடித் திறங்கள், ஓடினால் அடுத்தது. மெதுவான வழிதான். ஆனால் எது உடைக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

மென்பொருள் 4.x குடும்பத்திலேயே இருந்தால் பெரும்பாலான பழைய ப்ளகின்கள் ஓடும். மென்பொருள் 4.8இலிருந்து 8க்குத் தாவியிருந்தால் நிலைமை வேறு. பழைய ப்ளகின் ஏறுவதுபோல் ஏறி, குறிப்பிட்ட பொத்தானை அழுத்தும்போது விழும். ரோபோ ப்ளகின்களில் வழக்கமாக விழும் இடம் சீரியல் போர்ட். 4.x இல் சீரியல் போர்ட் வகுப்பு ஃபிரேம்வொர்க்கின் உள்ளேயே இருந்தது. புதிய குடும்பத்தில் அது தனிப் பொட்டலம். மென்பொருள் அதைத் தன்னுடன் வைத்திருக்காவிட்டால், ‘சிஸ்டம் ஐஓ போர்ட்ஸ் கிடைக்கவில்லை’ என்று ப்ளகின் நிற்கும். இன்னொரு இடம், பழைய வகை மெனு, டூல்பார், ஸ்டேட்டஸ்பார் போன்ற திரை உறுப்புகள். கோர் 3.1இல் அவை நீக்கப்பட்டன.

இதை அமைப்புகளை மாற்றிச் சரிசெய்ய முடியாது. ப்ளகினை எழுதியவர் புதிய குடும்பத்துக்கு மறுபடி பில்டு செய்து தர வேண்டும். மூலநிரல் உங்களிடம் இருந்தால் நீங்களே செய்யலாம். இரண்டும் இல்லை, அந்த ப்ளகின் இல்லாமல் உங்கள் ரோபோ பயனில்லை என்றால், இப்போதைக்குப் பழைய பதிப்பிலேயே இருப்பதுதான் சரியான முடிவு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பேட் இமேஜ் ஃபார்மேட் என்ற பிழை வந்தால் ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி இறக்குகிறார்கள். பெரும்பாலும் 32 பிட் டிஎல்எல்லை 64 பிட் மென்பொருள் ஏற்ற முயன்றதன் விளைவு அது.

9. டிரைவர், காம் போர்ட், ஃபர்ம்வேர்

இப்போது யுஎஸ்பி கேபிளைச் செருகுங்கள். சர்வோக்களின் மின்சாரம் இன்னும் வேண்டாம்.

டிவைஸ் மேனேஜரில் போர்ட்ஸ் பகுதியைப் பாருங்கள். யுஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் சிப்களான சிஎச்340, சிபி2102, எஃப்டிடிஐ ஆகியவற்றில் ஏதோ ஒன்று பெரும்பாலும் தெரியும். சிஎச்340 போர்டுகளில் பொதுவாகத் தனி வரிசை எண் இருக்காது. அதனால் யுஎஸ்பி துளையை மாற்றிச் செருகினாலே காம் எண் மாறும். தாளில் எழுதிய எண்ணோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் மென்பொருளில் மாற்றுங்கள். விண்டோஸ் 11க்கு மாறியபோது புரோலிஃபிக் பிஎல்2303 சிப் கொண்ட பழைய கேபிள் மஞ்சள் முக்கோணம் காட்டினால், அந்தச் சிப்பின் பழைய ரகங்களுக்குப் புதிய டிரைவரில் ஆதரவு நிறுத்தப்பட்டுவிட்டது என்று பொருள். கேபிளை மாற்றுவதே நல்லது.

எஃப்டிடிஐ டிரைவரில் லேட்டன்சி டைமர் என்று ஓர் அமைப்பு உண்டு, வந்த தரவைக் கணினிக்குத் தரும் முன் காத்திருக்கும் நேரம் அது. இயல்பு மதிப்பு 16 மில்லி நொடி. டைனமிக்சல் போன்ற, பதில் அனுப்பும் சர்வோக்களுக்கு இதை 1 ஆகக் குறைத்து வைத்திருப்பார்கள். டிரைவரை மறுபடி நிறுவினாலோ காம் எண் மாறினாலோ அது 16க்குத் திரும்பிவிடலாம். ‘அப்டேட்டுக்குப் பிறகு கை விட்டுவிட்டு நகர்கிறது’ என்றால் மென்பொருளைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

ஒரு காம் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் திறக்க முடியும். ஆர்டுயினோவின் சீரியல் மானிட்டர் பின்னால் திறந்திருந்தால் ‘அனுமதி மறுப்பு’ என்று வரும்.

ஃபர்ம்வேரை, புதிய மென்பொருள் கேட்டால் மட்டும் மாற்றுங்கள். மென்பொருளையும் ஃபர்ம்வேரையும் ஒரே மூச்சில் மாற்றினால் திரும்பிப் போகும் வழி இரண்டு மடங்கு சிக்கலாகும்.

வைஃபை ரோபோ என்றால், முதன்முறை கேட்கும் ஃபயர்வால் சன்னலில் கேன்சல் அழுத்தாதீர்கள். அழுத்தினால் தடை விதி ஒன்று பதிவாகிவிடும், பிறகு கேட்கவே கேட்காது. ஏற்கெனவே அழுத்திவிட்டால் ஃபயர்வாலின் அனுமதிப் பட்டியலில் போய் மாற்ற வேண்டும்.

10. ரோபோவுக்கு மின்சாரம் கொடுங்கள்

சக்கர வண்டியைச் சக்கரம் தரையில் படாமல் ஒரு கட்டையின் மேல் வையுங்கள். சர்வோ கையில் முடிந்தவரை, சர்வோ அச்சில் மாட்டியிருக்கும் ஹார்ன் என்ற துண்டுகளைக் கழற்றுங்கள், அல்லது கை எந்தப் பக்கம் சுழன்றாலும் இடிக்காத இடம் விடுங்கள். ஒரு கை மின்சார சுவிட்சின் மேலேயே இருக்கட்டும்.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை? பல மென்பொருட்கள் போர்ட்டைத் திறக்கும்போது டிடிஆர் என்ற சமிக்ஞையை இயக்கும். ஆர்டுயினோ ஊனோ போர்டு அதில் ரீசெட் ஆகிவிடும். ரீசெட் ஆன ஊனோவின் சர்வோ லைப்ரரி, தனியாக மதிப்பு கொடுக்காமல் சர்வோவை இணைத்தால் 1500 மைக்ரோ நொடித் துடிப்பை, அதாவது நடுநிலையை, அனுப்பும். மடங்கிப் படுத்திருந்த கை சட்டென்று எழுந்து நிற்பது இதனால்தான். பழைய பதிப்பு டிடிஆரைத் தொடாமல் இருந்து புதியது தொட்டால், நீங்கள் எதையும் மாற்றாமலே இந்த நடத்தை புதிதாக வரும். ரீசெட் ஆன போர்டு தயாராக ஓரிரு நொடி பிடிக்கும், அதற்குள் போகும் கட்டளைகள் தொலையும். அதனால் தொடக்கக் கட்டளைகளுக்கு முன் சிறு இடைவெளி கொடுங்கள்.

மின்சாரம் கொடுக்கும் முன் சர்வோ எல்லைகளைத் தாளோடு ஒப்பிடுங்கள். ஆர்டுயினோ சர்வோ லைப்ரரியின் இயல்பு எல்லை 544 முதல் 2400 மைக்ரோ நொடி வரை. உங்கள் மூட்டின் எல்லை அதைவிடக் குறைவாக இருந்து, அமைப்புகள் அழிந்துபோயிருந்தால், சர்வோ உடலில் இடித்து நின்று முழு மின்னோட்டம் இழுக்கும். எம்ஜி996ஆர் போன்ற சர்வோக்கள் அந்த நிலையில் 2.5 ஆம்பியர் வரை இழுக்கும், விரைவில் சூடேறும். தாளில் இருக்கும் எண்களை இட்டுச் சேமித்த பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

ஒரு மூட்டு, ஒரு சிறு அசைவு, பிறகு அடுத்த மூட்டு. எல்லாம் சரி என்றால் பழைய ப்ராஜெக்ட்டின் நகலைத் திறந்து ஓட்டுங்கள். மூலத்தை இன்னும் தொட வேண்டாம்.

11. பின்வாங்க வேண்டி வந்தால்

மென்பொருளை மட்டும் பழைய பதிப்புக்கு மாற்றுங்கள். நிறுவிய டாட்நெட்டை நீக்க வேண்டிய தேவை அநேகமாக வராது. 6, 8 போன்றவை யாரையும் தொந்தரவு செய்வதில்லை, 4.8 பழைய மென்பொருளையும் ஓட்டும். யூசர் டாட் கான்ஃபிக் ஃபோல்டரையும் ப்ராஜெக்ட் ஃபைல்களையும் பென் டிரைவிலிருந்து திரும்ப வையுங்கள். ஃபர்ம்வேரை மாற்றியிருந்தால் அதையும் பழையதாக்குங்கள், இல்லாவிட்டால் பழைய மென்பொருளும் போர்டும் பேசிக்கொள்ளாது.

பழைய ஃபோல்டரை உடனே அழிக்காதீர்கள். கேமரா, குரல், வைஃபை என்று ரோபோவின் எல்லா வேலைகளையும் புதிய பதிப்பில் ஒருமுறையாவது செய்து பார்த்த பிறகு அழிக்கலாம்.

ஆய்வகத்தில் பல கணினிகள் இருந்தால் முதலில் ஒன்றில் மட்டும் செய்யுங்கள். அதில் ஓடியதும், பயன்படுத்திய இன்ஸ்டாலர்கள் அனைத்தையும், எக்ஸ்86 எது எக்ஸ்64 எது என்று பெயரில் தெரியும்படி, ஒரே ஃபோல்டரில் போட்டு 1, 2, 3 என்று எண்ணிடுங்கள். மற்ற கணினிகளில் வேறு யார் உட்கார்ந்தாலும் அந்த எண் வரிசையிலேயே நிறுவிக்கொண்டு போகட்டும்.